குழாய் ஆர்கனும் தோட்டத்துப் பாட்டும்

ஒரு வழிபாட்டு மனையின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதன் சுவர்களிலிருந்தே தொடங்குவர். அடிக்கல் நாட்டிய நாள், கட்டடக் கலைஞரின் பெயர், கோபுரத்தின் உயரம், திறப்பு விழாவுக்கு வந்திருந்த பெருமக்கள் ஆகியவற்றைத் தொகுத்தால் வரலாறு முடிந்துவிட்டது என்று கருதுவர். ஆயின் வழிபாட்டின் உயிர் சுவரில் இல்லை. அச்சுவர்களுக்கிடையே மக்கள் எழுப்பிய ஒலியிலேயே அவ்வுயிர் இருந்தது. அவ்வொலி யாருடையது, எந்தக் கருவியோடு எழுந்தது, அக்கருவியை வேண்டியவர் யாவர், வேண்டா என மறுத்தவர் யாவர் என்று கேட்கத் தொடங்கினால், கல்லும் மரமும் சொல்லாத செய்திகள் பல வெளிப்படும்.

கோலா குபு பாரு என்னும் ஊர்ப் பெயரே ஒரு வரலாற்றுக் குறிப்பாகும். ‘பாரு’ என்னும் மலாய்ச் சொல்லுக்குப் புதியது என்பது பொருள். பழைய கோலா குபு 1883ஆம் ஆண்டில் அணை உடைந்து எழுந்த வெள்ளத்தால் பெருஞ்சேதம் உற்றது. மாவட்ட அதிகாரியாக இருந்த சிசில் ரேங்கிங் என்பாரும் அவ்வெள்ளத்தில் மாண்டார். பின்னர் ஈயச் சுரங்கங்கள் கழுவி விட்ட மண்ணும் மணலும் ஆற்றில் படிந்து வெள்ளம் அடிக்கடி ஊருக்குள் புகுந்தமையால், 1930ஆம் ஆண்டை ஒட்டி ஊர் மேட்டு நிலத்துக்குப் பெயர்ந்தது. உடைந்த அணையின் நினைவை அம்பாங் பெச்சா என்னும் கம்பத்தின் பெயர் இன்றும் சுமந்து நிற்கிறது.

நீர் வந்து போனதற்கு மணல் சான்றாகிறது. காற்றில் எழுந்து மறைந்த ஒலிக்கு அத்தகைய சான்று இல்லை. ஆதலின் ஒலியின் வரலாற்றை எழுத விரும்புவோர் கருவிகளைத் தேடிச் செல்ல வேண்டியவராகின்றனர். இக்கட்டுரை அவ்வாறு ஒரு கருவியைப் பின்தொடர்கிறது. இலண்டன் மாநகரின் பாப்திஸ்து சபையொன்று பன்னெடுங்காலம் வேண்டா என மறுத்த குழாய் ஆர்கன், கோலாலம்பூர் ஆலயத்துக்குக் கப்பலேறி வந்ததையும், வட சிலாங்கூர்த் தோட்ட மக்களிடம் அது வேறோர் உருவில் சென்று சேர்ந்ததையும் ஈண்டுக் காண்போம்.

குழலும் துருத்தியும்

ஆர்கன் என்பது நமக்கு முற்றிலும் அயலான கருவி அன்று. ஊதுகுழலும் கொல்லன் துருத்தியும் சேர்ந்தால் ஆர்கன் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். மனிதன் வாயால் ஊதும் காற்றைத் துருத்தி ஊதுகிறது. அக்காற்று ஓர் அறையில் சீரான அழுத்தத்துடன் தங்கி நிற்கிறது. வாசிப்பவர் ஒரு கட்டையை அழுத்தியதும் அதற்குரிய குழாயின் அடியிலுள்ள அடைப்புத் திறந்து, காற்று உட்புகுந்து சுரம் எழுகிறது. புல்லாங்குழலில் ஒரே குழலின் துளைகளை மூடியும் திறந்தும் பல சுரங்களை எழுப்புகிறோம். ஆர்கனிலோ சுரத்துக்கு ஒரு குழாய் வேண்டும். குழாயின் நீளம் இரட்டித்தால் ஒலி ஒரு ஸ்தாயி கீழிறங்கும். ஆதலின் சில அங்குலக் குழாய் முதல் பதினாறடிக் குழாய் வரை வரிசை வரிசையாக நிறுத்தப்படுகின்றன. சில குழாய்களின் அடியில் பித்தளை நாக்கு ஒன்று துடித்து ஒலி எழுப்பும். நாகசுரத்தின் சீவாளியை அறிந்தவர்க்கு இது விளங்குவதில் அருமை இல்லை.

இக்கருவி பிறந்த இடம் கோவில் அன்று. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த கிடெசிபியசு என்னும் பொறியியல் வல்லுநர், நீரின் எடையால் காற்றழுத்தத்தைச் சீராக்கி இயங்கும் குழல் கருவியொன்றை அமைத்தார். உரோமானியர் அதனை மற்போர் நடந்த ஆட்டக் களங்களிலும் விருந்துகளிலும் இசைத்தனர். கி.பி. 757இல் பைசாந்தியப் பேரரசர் ஐந்தாம் கான்சுடன்டைன், பிராங்கியரின் மன்னர் பெப்பினுக்கு ஆர்கன் ஒன்றைப் பரிசாக அனுப்பினார். அதன் பின்னரே மேலை ஐரோப்பாவின் ஆலயங்களில் அது சிறிது சிறிதாக இடம்பெற்றது. இன்று ஆர்கன் என்றால் திருச்சபை என்று எண்ணும் வழக்கம் உளது; அக்கருவியின் வாழ்நாளிலோ முதல் ஆயிரம் ஆண்டுகள் பெரும்பாலும் திருச்சபைக்கு வெளியிலேயே கழிந்தன.

இதனை நினைவிற் கொள்வது நன்று. ஒரு கருவி இன்ன சமயத்துக்கே உரியது, இன்ன இனத்தார்க்கே உரியது என்று பிறப்பிலேயே எழுதி வைக்கப்படுவதில்லை. அதனைக் கையிலெடுத்தவர் அதற்கு வாழ்வு தருகின்றனர்.

பாடலுக்கே அஞ்சிய சபை

பதினாறாம் நூற்றாண்டின் சமயச் சீர்திருத்தம் ஆர்கனைக் கடுமையாகச் சோதித்தது. சுவிட்சர்லாந்தின் சூரிச்சு நகரில் சுவிங்கிலியின் கொள்கைவழி ஆலயங்களின் ஆர்கன்கள் அகற்றப்பெற்றன. இங்கிலாந்தில் 1644ஆம் ஆண்டு பாராளுமன்றம் ஆலயங்களிலுள்ள ஆர்கன்களை நீக்குமாறு கட்டளை பிறப்பித்தது. வேதத்தில் கட்டளையிடப்படாத எதுவும் வழிபாட்டில் இடம்பெறலாகாது என்பது அவர்தம் வாதம்.

அக்காலத்தில் தோன்றியதே பாப்திஸ்து இயக்கம். குழந்தைக்குத் திருமுழுக்கு அளித்தலை ஏற்காது, தாமே நம்பி ஏற்றவர் நீரில் மூழ்கிப் பெறுவதே முழுக்கு என்பது அவர்தம் கொள்கை. ஆங்கில நாட்டிலிருந்து ஆம்சுடர்டாமுக்குப் புலம்பெயர்ந்த ஜான் சுமித்து என்பார் 1609இல் முதற் சபையைக் கூட்டினார். அவர்தம் தோழர் தாமசு எல்விசு 1612ஐ ஒட்டி இலண்டனில் ஒரு சபையைத் தொடங்கினார். உள்ளத்திலிருந்து ஆவியால் எழுவதே மெய் வழிபாடு என்று இவர்கள் கருதினர். பிறர் எழுதிய சொற்களை ஏட்டிலிருந்து படிப்பதும், எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே பாட்டைப் பாடுவதும் அவ்வுண்மைக்கு மாறானவை என்று அவருள் பலர் எண்ணினர். இங்ஙனம் அவர்களுள் பலரிடையே ஆர்கன் மட்டுமன்றிப் பாடலும் விலக்குண்டது.

இந்நிலையை மாற்றத் துணிந்தவர் இலண்டன் சதர்க்குப் பகுதியில் ஆர்சிலிடவுன் என்னும் இடத்தில் சபை நடத்திய பெஞ்சமின் கீச்சு (1640–1704). 1670களில் அவர் திருவிருந்தின் முடிவில் ஒரு பாடலைப் பாடச் செய்தார். பாட விரும்பாதோர் அதற்கு முன்னரே எழுந்து செல்லலாம் என்று வழியும் விட்டார். படிப்படியாக ஞாயிறுதோறும் பாடும் நிலை வந்தபோது சபையில் பூசல் மூண்டது. 1691இல் பாடலுக்குச் சார்பாக அவர் நூலெழுதினார், எதிர்த்தோரும் எழுதினர். உடன்படாத சிலர் சபையைவிட்டுப் பிரிந்தனர். ஒரு பாட்டுக்காக ஒரு சபை பிளவுண்டது என்பது இன்று நமக்கு வியப்பாகத் தோன்றலாம். அவர்கட்கோ அது பொழுதுபோக்குப் பற்றிய வழக்கு அன்று. இறைவன் திருமுன் மனிதன் தன் குரலில் பேசுகிறானா, இரவற் குரலில் பேசுகிறானா என்பதே வழக்கு.

கீச்சின் சபை அழியவில்லை. ஜான் கில், ஜான் ரிப்பன் முதலிய போதகர்களின் கீழ் அது வளர்ந்தது. ரிப்பன் 1787இல் வெளியிட்ட பாடற்றிரட்டு பாப்திஸ்து உலகெங்கும் பரவியது. 1854இல் சார்லசு ஆடன் சுபர்ஜன் என்னும் இளைஞர் அச்சபையின் போதகரானார். அவர் சொற்பொழிவைக் கேட்கத் திரண்ட கூட்டத்துக்கு இடம் போதாமையின், 1861ஆம் ஆண்டில் ‘மெட்ரோபாலிட்டன் டாபர்னாக்கிள்’ என்னும் பேராலயம் திறக்கப்பெற்றது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடும் மண்டபம் அது. அத்துணைப் பெரிய மண்டபத்தில், ஆர்கன் கட்டுவதில் இங்கிலாந்து தலைசிறந்து விளங்கிய காலத்தில், சுபர்ஜன் ஆர்கன் வைக்க இசையவில்லை. முன்பாடகர் ஒருவர் சுருதி எடுத்துக் கொடுப்பார். ஆயிரக்கணக்கான மக்கள் தம் தொண்டையை நம்பியே பாடுவர். கீச்சின் காலத்தில் பாடலையே ஐயுற்ற சபை, இருநூறாண்டுக்குள் உலகின் மிகப் பெரிய பாடற் கூட்டங்களுள் ஒன்றாயிற்று.

சுபர்ஜனின் மறுப்பை இசையின்மீது வெறுப்பு என்று கொள்ளுதல் பொருந்தாது. 1866இல் தம் சபைக்கெனப் பாடல் நூல் தொகுத்தவரே அவர். கருவி வலிமை பெற்றால் மக்கள் வாய் மூடும் என்பதே அவர்தம் அச்சம். கட்டணம் பெறும் கலைஞன் ஒருவன் வாசிக்க, ஆயிரவர் அமர்ந்து கேட்கும் நிலை வந்தால், வழிபாடு கச்சேரியாகிவிடும். இவ்வச்சம் பொய்யன்று என்பதை எந்த விழாவிலும் ஒலிபெருக்கி வந்தபின் கூட்டுப் பாடல் குறைந்ததைக் கண்டோர் உணர்வர்.

எனினும் காலம் மறுபக்கம் சாய்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வணிகத்தாற் செழித்த நகரங்களின் பாப்திஸ்து சபைகள் ஒவ்வொன்றாக ஆர்கனை ஏற்றன. அமெரிக்காவின் நியூயார்க்கு நகரில் பாப்திஸ்து மரபிற் பிறந்த சபையொன்று, இராக்பெல்லரின் பொருளுதவியால் 1930இல் எழுப்பிய ரிவர்சைடு ஆலயத்தில் மாபெரும் ஆர்கனை நிறுவியது. 1950களில் அதனையும் மாற்றி மேலும் பெரியதாக்கியது. மறுப்பும் ஏற்பும் ஒரே மரபின் இரு கிளைகளாயின.

கப்பலேறிய ஆர்கன்

குடியேற்ற நாடுகளில் ஆர்கனின் பொருள் வேறாயிற்று. அங்கு அது சமய வாதத்துக்குரிய பொருளாக மட்டும் இல்லாமல், தாய்நாட்டின் நினைவுச் சின்னமாகவும் விளங்கியது.

சென்னையில் எழும்பூரை அடுத்து நிற்கும் தூய அந்திரேயா ஆலயம் இதற்கு நல்ல சான்றாகும். இசுகாத்துலாந்தியர் கட்டிய இவ்வாலயம் 1818இல் தொடங்கி 1821இல் திறக்கப்பெற்றது. மணற்பாங்கான நிலத்தில் எழும்பும் கட்டடத்துக்குக் கிணறுகளை இறக்கி அவற்றின்மேல் அடித்தளம் அமைத்தார் பொறியாளர் டி ஆவிலண்டு. கிணறு இறக்கும் அம்முறை இந்நாட்டுக் கொத்தர்கள் வழிவழியாக அறிந்தது. இசுகாத்துலாந்துத் திருச்சபையும் கருவியிசையை விலக்கிய மரபினது; ஆதலின் அறுபதாண்டுக்கு மேல் இவ்வாலயத்தில் குழாய் ஆர்கன் இல்லை. தாயகத்துத் திருச்சபை 1860களில் மனம் நெகிழத் தொடங்கியபின், 1883இல் இங்கிலாந்தில் செய்த ஆர்கன் இங்கு நிறுவப்பெற்றது. அடித்தளத்திற்குத் தமிழ்நிலத்து நுட்பம் போதுமாயிருந்தது. ஆனால் பாடலுக்குத் துணையாகக் கடல் கடந்து ஒரு கருவி வரவேண்டியதாயிற்று.

மலாயாவில் பாப்திஸ்து சபைகள் இருபதாம் நூற்றாண்டிலேயே, பெரும்பாலும் சீனரிடையே, வேரூன்றின. ஆர்கனின் வரவைக் காண நாம் ஆங்கிலிக்கன் திருச்சபையை நோக்க வேண்டும். கோலாலம்பூரில் 1887இல் புக்கிட் அமான் குன்றின்மீது மரத்தாலான சிறிய ஆலயமொன்று எழுந்தது. நகரம் வளரவே அது போதாதாயிற்று. திடலின் வடபுறத்தில் புதிய ஆலயத்துக்கு 1894 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பெற்றது. கட்டடக் கலைஞர் ஏ. சி. நார்மன். ஓராண்டு கழித்து, 1895 பிப்ரவரியில், ஆயர் ஓசு அதனை அருட்பொழிவு செய்தார். தூய மரியாள் ஆலயம் என்னும் பெயருடைய அதுவே இன்று மேற்கு மலேசிய ஆங்கிலிக்கன் மறைமாவட்டத்தின் பேராலயமாகும்.

இவ்வாலயத்தின் குழாய் ஆர்கனை 1895இல் செய்தளித்தவர் என்றி வில்லிசு (1821–1901) என்னும் புகழ்பெற்ற கைவினைஞர். லிவர்பூல் தூய சார்ச்சு மண்டபம் (1855), இலண்டன் ஆல்பர்ட்டு மண்டபம் (1871), தூய பவுல் பேராலயம் (1872) ஆகியவற்றின் ஆர்கன்களும் அவர் கைவண்ணமே. ஈயம் தோண்டிய சேற்று நிலத்தில் நகரமாகி நாற்பதாண்டும் நிரம்பாத கோலாலம்பூர், பேரரசின் தலைநகரில் ஒலித்த அதே கைவினைஞரின் ஒலியைத் தனக்கும் வேண்டிப் பெற்றது. அரசு அலுவலரும் தோட்டத் துரைமாரும் ஞாயிற்றுக் கிழமை அமர்ந்து கண் மூடினால், ஓர் ஆங்கில ஊரின் ஆலயத்தில் இருப்பதாகவே உணர்ந்திருக்கக் கூடும். அயல் நிலத்தில் வாழ்வோர்க்குத் தம் ஊர் ஒலி எத்துணை இன்றியமையாதது என்பதை மாரியம்மன் கோவில் உறுமியோசைக்கு உள்ளம் கசிந்த தோட்டத் தமிழர் நன்கறிவர். இவ்வகையில் துரையும் தொழிலாளியும் ஒத்தவரே. ஆனால் ஒருவரது ஏக்கம் தீரக் கருவி கப்பலேறி வந்தது. மற்றவர் தம் கருவியைத் தாமே செய்துகொண்டார், அல்லது தலைச்சுமையாகக் கொணர்ந்தார்.

வெப்பமும் ஈரமும்

ஆர்கனுக்கு மலாயாவின் தட்பவெப்பம் இசைவானதன்று. அடைப்புகளுக்கு ஒட்டிய தோல் ஈரத்தில் பூசணம் பூக்கும், பசை நெகிழும், மரம் உப்பிக் கட்டைகள் இறுகும், கரையான் ஓசையின்றித் தன் வேலையைச் செய்யும். வெப்பம் ஏறும்போது காற்றில் ஒலியின் வேகம் மிகுதலால் சாதாரணக் குழாய்களின் சுருதி ஏறுகிறது. நாக்குக் குழாய்களோ அதே அளவில் ஏறுவதில்லை. ஆதலின் காலையில் ஒத்திசைந்த கருவி நண்பகலில் தன்னோடு தானே பிணங்கும். இவற்றைச் சீர்செய்யும் கைவினைஞர் அருகிலிருந்தாலன்றி, எத்துணை விலை கொடுத்து வாங்கிய ஆர்கனும் நாளடைவில் ஊமையாகும்.

இவ்விடத்தில் பிலிப்பைன்சு நாட்டின் ஓர் எடுத்துக்காட்டு பெரிதும் பயன்படும். மணிலாவை அடுத்த இலாசு பின்யாசு என்னும் ஊரில் தியேகோ செரா என்னும் இசுபானியப் பாதிரியார் 1816இல் தொடங்கி 1824இல் ஓர் ஆர்கனை முடித்தார். அதன் 1,031 குழாய்களுள் 902 குழாய்கள் மூங்கிலால் ஆனவை. பூச்சி அரிக்காதிருக்க மூங்கிலைக் கடற்கரை மணலில் பல மாதம் புதைத்து வைத்து, கேடுறாது நின்றவற்றையே அவர் தெரிந்தெடுத்தார். நிலநடுக்கத்தாலும் புயலாலும் பழுதுற்ற அக்கருவி 1973இல் செருமனியின் கிளைசு நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டுச் சீர்பெற்று 1975இல் ஊர் திரும்பியது. இன்றும் ஒலிக்கிறது. குழல் செய்ய மூங்கிலைத் தேர்ந்தெடுக்கும் நுட்பம் நம் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையோடு பழகிய தமிழாசிரியர்க்குப் புதிதன்று. நிலத்தின் பொருளையும் நிலத்தின் அறிவையும் ஏற்ற கருவி நிலத்தில் நிலைத்தது என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

அதே கிளைசு நிறுவனத்தாரின் ஆர்கன்கள் 1987இல் சிங்கப்பூர் விக்டோரியா இசையரங்கிலும், 1998இல் கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்திலுள்ள பெட்ரோனாசு பில்ஹார்மோனிக் மண்டபத்திலும் நிறுவப்பெற்றன. பின்னதில் ஏறத்தாழ 3,000 குழாய்கள் உள. ஆட்டக் களத்தில் தொடங்கி ஆலயம் புகுந்த கருவி மீண்டும் பொது மண்டபத்துக்கு வந்து சேர்ந்தது.

பெட்டியாகச் சுருங்கிய ஆர்கன்

குழாய்களை நீக்கிவிட்டு நாக்குகளை மட்டும் வைத்துக்கொண்டால் ஆர்கன் எவ்வளவு சுருங்கும்? இவ்வினாவுக்கு விடையாக வந்ததே ஆர்மோனியம். பாரிசு நகரத்து டெபேன் 1842இல் அதற்கு உரிமை பதிந்தார். காலால் துருத்தியை மிதித்து வாசிக்கும் அக்கருவி, ஆர்கன் வாங்க வலியில்லாத சிற்றாலயங்களுக்கு ஏற்றதாயிற்று. சமயப் பணியாளரோடு இந்தியாவுக்கும் வந்தது. கல்கத்தாவில் துவாரகநாத் கோசு என்பார் 1875ஆம் ஆண்டளவில் அதன் கால்களை வெட்டினார் எனலாம். தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, ஒரு கையால் துருத்தியை அசைத்து மறு கையால் வாசிக்கும் பெட்டியாக அதனை மாற்றினார். நாற்காலியில் அமர்ந்த கருவி அன்று நம் பாயில் வந்து அமர்ந்தது.

அதன்பின் அதனை ஒருவரும் தடுக்கவியலவில்லை. சங்கரதாசு சுவாமிகள் காலத்து நாடக மேடையில் ஆர்மோனியமே அரசு செலுத்தியது. பசனை மடம், திருவிழா மேடை, ஆலயம் ஆகிய எல்லாவிடத்தும் அது புகுந்தது. கமகத்துக்கு இடந்தராத கருவி என்று இசையறிஞர் குறை கூறினர், அக்குறை மெய்யே. அகில இந்திய வானொலி 1940இல் அதனை விலக்கி வைத்து, 1971இல்தான் தடையைத் தளர்த்தத் தொடங்கியது. வானொலி மறுத்த முப்பதாண்டும் மக்கள் அதனை மறுக்கவில்லை. ஆர்கனை மறுத்த சுபர்ஜனின் சபையில் மக்கள் குரல் வாழ்ந்தது. ஆர்மோனியத்தை ஏற்ற தமிழர் கூட்டங்களிலும் மக்கள் குரல் வாழ்ந்தது. ஏனெனில் அப்பெட்டி குரலை மூழ்கடிக்கும் வலிமையுடையதன்று. பாடுவோனே வாசிப்போனாகவும் இருக்கக் கூடிய கருவி அது.

தமிழ்க் கிறித்தவரிடையே இவ்வழக்கு வேறொரு வடிவிலும் நடந்தது. 1706இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு இறங்கியது முதல், செருமானிய மெட்டில் அமைந்த ஞானப்பாட்டு ஒருபுறம் வளர்ந்தது. தமிழ்ப் பண்ணிலும் தாளத்திலும் அமைந்த கீர்த்தனை மறுபுறம் வளர்ந்தது. மேலை மெட்டுக்குத் தமிழ்ச் சொல்லைப் பொருத்தும்போது நேரும் இடர்ப்பாட்டை மாணவர் எளிதில் உணரலாம். மெட்டு நீளுமிடத்தில் குறில் வந்து நின்றால் ‘கல்’ என்பது ‘கால்’ ஆகும். ‘விடு’ என்பது ‘வீடு’ ஆகும். பக்தி குறையாது, பொருள் திரியும்.

தஞ்சை வேதநாயக சாத்திரியார் (1774–1864) கீர்த்தனை மரபின் தலைமகன். சுவார்ட்சு பாதிரியாரிடம் பயின்று, சரபோசி மன்னரின் நட்பைப் பெற்றவர். 1829ஆம் ஆண்டை ஒட்டிப் புதிய மிசனரிமாரோடு அவரும் அவரைச் சார்ந்தோரும் முரண்பட்டபோது, தமிழ்ப் பாடலுக்கும் இசைக்கும் ஆலயத்தில் இடங்குறைக்கப்படுவது அவர்தம் முறையீடுகளுள் ஒன்று. அம்முறையீடுகளுள் சாதி வேற்றுமையைக் காக்கும் பகுதியும் இருந்தது. அது ஏற்கத் தக்கதன்று. எனினும், தன் மொழியின் ஓசையில் இறைவனைப் பாடும் உரிமை பற்றி அவர் எழுப்பிய குரல் நிலைபெற்றது. அவருக்குப் பின் ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலால் தமிழிசையின் சுருதியாராய்ச்சிக்கே அடித்தளம் இட்டார். கீச்சு இலண்டனில் கேட்ட அதே வினாவை இவர்கள் தஞ்சையில் கேட்டனர்: வழிபடுபவன் குரல் அவனுடையதா, இரவலா?

தோட்டத்துக்கு வந்த பாட்டு

இம்மரபுகள் அனைத்தும் கப்பலின் கீழ்த்தளத்தில் மலாயா வந்தன. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தொழிலாளர் பினாங்கில் இறங்கி, கங்காணியின் பின் தோட்டங்களுக்குச் சென்றனர். 1890களில் கோலாலம்பூரிலிருந்து வடக்கே கோலா குபு வரை இரயில் பாதை நீண்டதும், இரப்பர் விலை ஏறியதும் வட சிலாங்கூரின் காட்டை மாற்றின. செரெண்டா, பத்தாங் காலி, இராசா, கெர்லிங், களும்பாங் எனப் பாதையோரத்திலும், கோலா சிலாங்கூர்ப் பக்கம் ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான், பிற்காலத்தில் பெசுதாரி ஜெயா எனப் பெயர்பெற்ற பத்தாங் பெர்ஜுந்தை என ஆற்றங்கரையிலும் தமிழ்க் குரல் எழுந்தது. சமயங்களும் அவ்வழியே வந்தன. மாரியம்மன், முனீசுவரர் கோவில்களோடு கத்தோலிக்கச் சிற்றாலயங்கள் எழுந்தன. 1885இல் சிங்கப்பூரில் தொடங்கிய மெதடிசுடு பணி தீபகற்பத்தின் தமிழரிடமும் பரவியது. தரங்கம்பாடி மரபினரான தமிழ் லுத்தரன் மக்கள் 1924இல் கோலாலம்பூர்ப் பிரிக்பீல்ட்சில் சீயோன் ஆலயத்தை நிறுவினர்.

தோட்டத்துச் சிற்றாலயத்துக்குக் குழாய் ஆர்கன் வரப்போவதில்லை. லயத்தின் ஓரத்தில் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக நின்ற அறைக்குப் பதினாறடிக் குழாய் நுழையவும் வழியில்லை. அதிகாலைப் பிரட்டுக்கு மணியடிக்கும் வாழ்வில், மாலையிலும் ஞாயிற்றிலும் கிடைத்த ஓய்வே வழிபாட்டு வேளை. உபதேசியார் ஓரடி பாடுவார். எழுத்தறியாத மக்கள் அதனை வாங்கிப் பாடுவர். தாளம், கஞ்சிரா, வாய்ப்பிருந்தால் ஓர் ஆர்மோனியப் பெட்டி ஆகியவையே துணை. கோவிற் பசனையிலும் இதே முறைதான். சுபர்ஜன் பெருமுயற்சியாற் காத்த முன்பாட்டு முறை, தோட்டத்தில் வறுமையாலும் மரபாலும் தானே வாழ்ந்தது.

மொழிக்கும் இது பணி செய்தது. பத்துக் குழந்தைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்ற சட்டம் 1923இல் இறுகிய பின்னரும், மலையடியில் ஒருவரே எல்லா வகுப்புக்கும் ஆசிரியராக இருந்த பள்ளிகள் பல. அங்கு எழுத்தறியுமுன்பே குழந்தைகள் பசனைப் பாட்டாலும் கீர்த்தனையாலும் செவிவழித் தமிழ் கற்றனர். எதுகையும் மோனையும் இலக்கணமாகக் கற்பதற்கு முன் நாவில் பழகின. ஆதலின் தோட்டத்துப் பாட்டின் வரலாறு சமய வரலாறு மட்டுமன்று. இந்நாட்டுத் தமிழ்க் கல்வி வரலாற்றின் முதல் ஏடும் அதுவே.

ஏட்டில் ஏற வேண்டியது

கோலாலம்பூர்ப் பேராலயத்து ஆர்கனை யார் செய்தார், எந்த ஆண்டு செய்தார் என்று நாம் சொல்ல முடிகிறது. அக்கருவி ஒரு நிறுவனத்தின் கணக்கேட்டிலும் ஓர் ஆலயத்தின் பதிவேட்டிலும் இடம்பெற்றது. தோட்டத்து ஆர்மோனியப் பெட்டிக்கு அத்தகைய பதிவு அரிது. யார் யாரிடம் காசு திரட்டினார், பெட்டி எங்கிருந்து வந்தது, முதலில் வாசித்தவர் யாரிடம் பயின்றார் என்பவை முதியோர் நினைவில் மட்டுமே தங்கின.

அந்நினைவும் இடம் பெயர்ந்து போயிற்று. விடுதலைக்குப் பின் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. 1969ஐ ஒட்டிய வேலை அனுமதி விதிகளால் பல்லாயிரவர் தமிழகம் திரும்பினர். இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்குப் பின் பல இடங்களில் வீடமைப்பும் நெடுஞ்சாலையும் வந்தன. புக்கிட் தாகார், நைகல் கார்டனர், சுங்கை திங்கி, மேரி போன்ற தோட்டப் பெயர்களோடு வளர்ந்த குடும்பங்கள் பல வேற்றிடங்களில் வாழ்கின்றன. தோட்டம் கலைந்தபோது கோவிற் சிலையை எடுத்துச் செல்ல முடிந்தது. பள்ளியின் உரிமத்தையும் வேறிடம் மாற்ற முடிந்தது. கூடிப் பாடிய கூட்டத்தை அவ்வாறு பெயர்த்து நட முடியவில்லை.

அணை உடைந்ததற்கு அம்பாங் பெச்சா என்னும் பெயர் சான்றாக இருக்கிறது. பாட்டு நின்றதற்கு நாமே சான்று தேட வேண்டியவராகிறோம். இதனைச் செய்வதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. உள்ளூர் வரலாறு கற்பிக்கும் ஆசிரியர், ஒவ்வொரு மாணவரையும் தம் பாட்டன் பாட்டியிடம் சில வினாக்களைக் கேட்டு எழுதிவரச் செய்யலாம். தோட்டத்தில் எந்த நாளில் கூடிப் பாடினர்? முதலடி எடுத்துக் கொடுத்தவர் யார்? பெண்கள் பாடினரா, பின்பாட்டு மட்டும் தானா? பெட்டி யாருடையது, பழுதானபோது யார் சரிசெய்தார்? எந்தப் பாட்டு எல்லார்க்கும் மனப்பாடம்? இந்து, கிறித்தவ இல்லங்களின் விழாவில் ஒருவர் பாட்டை மற்றவர் பாடியதுண்டா? விடைகளோடு, பாட முடிந்தவர் குரலையும் பதிவு செய்துகொள்ளலாம். பள்ளி நூலகத்தில் ஒரு பேழை இதற்கெனப் போதும்.

குழாய் ஆர்கனின் கதை நமக்கு உணர்த்துவது இதுவே. கருவி பெரிதாயிருத்தலால் ஓர் இசை நிலைப்பதில்லை. பழுது பார்க்கும் கையும், உடன் பாடும் வாயும், நிகழ்ந்ததை எழுதி வைக்கும் அறிவும் சேர்ந்தால் நிலைக்கிறது. இலண்டன் சபைக்கு இவை மூன்றும் வாய்த்தமையால், முந்நூறாண்டுக்கு முன் ஒரு பாட்டைப் பற்றி நடந்த பூசலையும் நாம் இன்று படித்தறிகிறோம். வட சிலாங்கூர்த் தோட்டங்களுக்கு முதலிரண்டும் வாய்த்திருந்தன. மூன்றாவதை வழங்க வேண்டியவர்கள் இன்று தமிழ் கற்பிப்போரும் கற்போருமே ஆவர். பாடியவர்களின் தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கும்போதே அப்பணி தொடங்கட்டும்.